ஒட்டின படத்துக்கு மதிப்பு இல்லையாம்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமும் இருக்கும். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)

மிட்டாய் பாக்கெட்டில் இலவசமாக வந்த படத்தை "முதலீடு" என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களைப் பற்றிய பதிவு இது.

பழைய பபிள்கம் படம், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த போகிமான் டாசோ, பிரிக்காத கிரிக்கெட் அட்டை டப்பா... பொருள் எதுவாக இருந்தாலும் வசனம் ஒன்றுதான். "இப்ப வாங்கி வை மச்சி, பத்து வருஷத்துல பத்து மடங்கு." எங்கள் வகுப்பிலேயே ஒருத்தன், அதுவும் பி.காம். படிக்கிறவன், பரீட்சைக் கட்டணத்துக்கு வீட்டில் கொடுத்த பணத்தில் அப்படி ஒரு டப்பா வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். கடைசித் தேதிக்கு முதல் நாள் நாங்கள் நாலு பேர் பணம் போட்டு அவன் கட்டணத்தைக் கட்டினோம். டப்பா இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. வித்தவன் சொன்ன விலைக்கு வாங்கத்தான் ஆள் வரவில்லை. வித்தவனையே கேட்டால், "நான் விக்கிறதுதான் தம்பி, வாங்கறதில்ல" என்கிறான். எப்பேர்ப்பட்ட தத்துவம் பாருங்கள்!

நான் சொல்லவருவது இரண்டே வரி. இந்தப் படங்களைச் சேர்ப்பது நல்ல பழக்கம். இந்தப் படங்களை வாங்கிப் பணக்காரன் ஆகலாம் என்பது பச்சை ஏமாற்று. முதல் வரியைக் காட்டி இரண்டாவது வரியை விற்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

நூறு கோடி ரூபாய் அட்டை

இவர்கள் எல்லோரும் காட்டுகிற உதாரணம் அமெரிக்க பேஸ்பால் அட்டை. (பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அமெரிக்காக்காரர்களுக்கு அதுதான் உயிர்.) 2022 ஆகஸ்டில் மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் 1952-ம் வருட அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய். பபிள்கம்மோடு அட்டை விற்ற டாப்ஸ் என்ற கம்பெனியின் அட்டை அது.

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் 100 கோடி என்பதை மட்டும் இவர்கள் சொல்வதே இல்லை. நான் சொல்கிறேன்.

1952-ல் டாப்ஸ் அந்த வரிசையின் கடைசிப் பகுதியை வெளியிட்டபோது ஆட்ட சீசன் முடியப்போகிற நேரம். சரக்கு விற்கவில்லை. மேண்டில் அட்டையின் எண் 311, அதுவும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் கிடந்தது. அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்ஜர் என்பவர், 1960-ல் மிச்சச் சரக்கைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கையில் மிஞ்சிய அட்டைகளையும் பையன்கள் சைக்கிள் கம்பியில் செருகி "டர்ர்ர்" சத்தம் கேட்டார்கள், அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது குப்பையில் போட்டார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் புதுக்கருக்குக் குலையாமல் இருந்த ஒன்றுதான் அந்த 100 கோடி.

புரிகிறதா? யாருமே அதை மதிக்காததால்தான் அது விலை போனது. எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் பத்து டாலர் கூடப் பெறாது.

இது என் ஊகம் இல்லை, நடந்தே முடிந்தது. மேண்டில் அட்டைக்கெல்லாம் விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் எல்லோரும் அட்டை வாங்கி அடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாகப் பிரிக்காமல் வைத்தார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. விளைவு? அந்தக் காலத்து அட்டைகளுக்கு அந்த ஊரிலேயே வைத்திருக்கிற பெயர் "குப்பை மெழுகுக் காலம்". (அட்டை பாக்கெட் மெழுகுத்தாளில் வந்ததால் மெழுகு.) முப்பத்தைந்து வருஷம் பூட்டிவைத்த பெட்டியை இன்று திறந்தால் பெரும்பாலும் பழைய பேப்பர்க்காரர் விலைதான்.

அந்தச் சமயத்தில் நடந்த இன்னொரு கூத்து. பபிள்கம் பட்டு அட்டையில் கறை படிகிறது, மதிப்புக் குறைகிறது என்று சேகரிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 1991-க்குப் பிறகு டாப்ஸ் தன் பேஸ்பால் பாக்கெட்டிலிருந்து பபிள்கம்மையே தூக்கிவிட்டது! மிட்டாய்க்கு இலவசமாக வந்த படம், கடைசியில் மிட்டாயையே வெளியே தள்ளியது. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதை. பிறகு அதே டாப்ஸ் ஐபிஎல் வீரர்கள் படத்தோடு இந்தியாவில் கிரிக்கெட் அட்டாக்ஸ் என்று விற்றது. நான் பள்ளியில் படித்தபோது வகுப்பே அதில்தான் மூழ்கிக் கிடந்தது. அதில் மிட்டாய் வாசனை கூடக் கிடையாது. வெறும் அட்டைக்குக் காசு.

மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வைத்திருக்கிற மாவட்டத்துக்காரர்கள் நாம். சக்கையைக் காட்டிக் கரும்பு என்று சொன்னால் நமக்காவது தெரிய வேண்டாமா?

106-ம் நம்பர் எங்கே?

பிரிக்காத பாக்கெட் வியாபாரத்தின் சூட்சுமமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான். இது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை.

1933-ல் கௌடி என்ற பபிள்கம் கம்பெனி 240 எண் கொண்ட பேஸ்பால் அட்டை வரிசை ஒன்றை வெளியிட்டது. பையன்கள் வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். 105 இருந்தது, 107 இருந்தது. 106 மட்டும் யாருக்கும் வரவே இல்லை. எப்படி வரும்? அச்சடித்தால்தானே! ஒரு எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டால் அது கிடைக்கும்வரை பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பது கணக்கு. கடிதம் போட்டுச் சண்டை பிடித்தவர்களுக்கு மட்டும் 1934-ல் அந்த அட்டையைத் தனியாக அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். நேப் லாஜுவே என்ற ஆட்டக்காரரின் படம் அது. இன்று அதுவும் பெரிய விலை. அதாவது ஒரு கம்பெனி சின்னப் பிள்ளைகளை ஏமாற்றியதற்கான சாட்சிக்கு ஏலத்தில் விலை!

நம் பெட்டிக்கடை பரிசு அட்டை ஞாபகம் இருக்கிறதா? வரிசையாகச் சீட்டு ஒட்டியிருக்கும், காசு கொடுத்து ஒன்றைக் கிழிக்க வேண்டும், வந்த நம்பருக்கு உள்ள பரிசு நமக்கு. பலூன் விழும், மோதிரம் விழும், ரஜினி படம் விழும். நடுவில் தொங்குகிற பெரிய பரிசு மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் விழுந்ததில்லை. கௌடியும் எங்கள் தெரு அட்டையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல.

பெரியவர்கள் லாட்டரி வாங்கிக் குடும்பம் அழிகிறது என்று தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி விற்பனையையே தடை செய்தார்கள். "உள்ளே தங்க அட்டை இருந்தாலும் இருக்கலாம்" என்று பிரிக்காத பாக்கெட்டைக் கல்லூரிப் பையனுக்கு விற்பதற்குப் பெயர் மட்டும் "கலெக்‌ஷன்". அடப் போங்கப்பா.

அப்பா காலத்துப் பங்குச்சந்தை

"இதெல்லாம் அமெரிக்க சமாச்சாரம், நமக்கு எங்கே தெரியும்" என்று நினைக்காதீர்கள். நம் அப்பாக்கள் இதில் கரை கண்டவர்கள்.

சிகரெட் அட்டை விளையாட்டைச் சொல்கிறேன். காலி சிகரெட் பெட்டியைப் பொறுக்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கிழித்துச் சேர்ப்பது. வட்டம் போட்டு நடுவில் அடுக்கிவைத்துக் கல்லால் அடித்து வெளியே தள்ளினால் அது உனக்கு. சார்மினார், கத்திரி மார்க், பாசிங் ஷோ, வில்ஸ், கோல்டு ஃபிளேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. தெருவில் சாதாரணமாகக் கிடப்பதற்கு மதிப்பு குறைச்சல். பஸ் ஸ்டாண்டு பக்கம் எவனோ வெளியூர்க்காரன் போட்டுவிட்டுப் போன பெட்டிக்கு மதிப்பு ஜாஸ்தி. தேவை, அளிப்பு என்று முதல் செமஸ்டரில் நமக்கு மூன்று வாரம் நடத்தியதை அவர்கள் டவுசர் பாக்கெட்டில் வைத்திருந்தார்கள்.

இதில் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சீசன் உண்டு. பம்பர சீசன் வந்தால் அட்டைக்கு மதிப்பே இல்லை. நேற்றுவரை ஐநூறு மதிப்புள்ள கட்டை வைத்திருந்தவன் இன்று கோலிக்குண்டு இல்லாமல் ஓரமாக நிற்பான். மதிப்பு அட்டைக்குள் இல்லை, கூட விளையாட வருகிற நாலு பேரிடம் இருக்கிறது என்பது பத்து வயசுப் பையனுக்குப் புரிந்தது. அதற்காக அவன் அழவும் இல்லை. காசு போட்டால்தானே அழ!

காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. சரக்கிருப்பை எப்படி மதிப்பிடச் சொல்கிறது கணக்கியல் தரநிலை 2? அடக்கவிலை அல்லது நிகர ஈட்டு மதிப்பு, எது குறைவோ அது. நிகர ஈட்டு மதிப்பு என்றால் இணையத்தில் எவனோ போட்டிருக்கிற விலை இல்லை. உண்மையில் விற்றால் வரக்கூடிய தொகையில் விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தது. அட்டைக்குத் தரச்சான்று வாங்கப் பேர்பெற்ற நிறுவனங்களிடம் போக வேண்டும் என்றால் அவை அமெரிக்காவில் இருக்கின்றன. டாலரில் கட்டணம், போக வரத் தபால் செலவு, இன்சூரன்ஸ். இதையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்லுங்கள், அலமாரியில் இருக்கிற அந்த டப்பாவை எந்த மதிப்பில் இருப்புநிலைக் குறிப்பில் காட்டுவீர்கள்?

அந்தத் தரச்சான்றின் லட்சணத்தையும் கேளுங்கள். பேஸ்பால் அட்டைகளின் மகாராஜா ஹோனஸ் வாக்னர் அட்டை. 1909-11 காலத்தில் சிகரெட்டோடு வந்தது. வாக்னர் தன் படத்தை நிறுத்தச் சொன்னதால் கொஞ்சமே வெளியே வந்தது. பிள்ளைகள் அதற்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று சொன்னதாக ஒரு கதை, தனக்குப் பணம் தராததால் என்று இன்னொரு கதை. 1991-ல் ஒரு வாக்னர் அட்டை நாலரை லட்சம் டாலருக்கு விற்றது. அந்த வருஷம் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் முதன்முதலாகச் சான்று கொடுத்ததே அந்த அட்டைக்குத்தான். பத்துக்கு எட்டு மார்க்! 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-ல் அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: அட்டையின் ஓரத்தை நானேதான் வெட்டிச் சீராக்கினேன் என்று. உலகத்தின் நம்பர் ஒன் அட்டைக்கே இந்தக் கதி என்றால், வாட்ஸப் குரூப்பில் "மின்ட் கண்டிஷன் ப்ரோ" என்று வருகிற சரக்கைப் பற்றி என்ன சொல்ல?

வெள்ளிமலைப் பெட்டி

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

1987-ல் உலகக்கோப்பை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் நாம் தோற்ற உலகக்கோப்பை. அந்தச் சமயத்தில் பிக் ஃபன் என்று ஒரு பபிள்கம். உள்ளே சின்னதாகக் கிரிக்கெட் வீரர் படம், பின்பக்கம் இத்தனை ரன் அல்லது விக்கெட் என்று போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால் பரிசு. பேஸ்பால் அட்டைக்கு நம் ஊர் அண்ணன் தம்பி என்று தாராளமாகச் சொல்லலாம். (1999-ல் பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன் சேர்த்து இங்கிலாந்து உலகக்கோப்பைக்குப் போகலாம் என்று நாடே பைத்தியம் பிடித்து அலைந்ததே, அதற்கெல்லாம் முன்னோடி.)

என் வகுப்புத் தோழன் ஒருவன் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். அவன் மாமா வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி. மூடியின் உள்பக்கம் முழுக்க பிக் ஃபன் படங்கள். கபில்தேவ், கவாஸ்கர், ஸ்ரீகாந்த்... சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டியிருக்கிறார். மாமாவுக்கு அப்போது பதினோரு வயசு. வீட்டில் புளியும் கடுக்காயும் சுமந்துகொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற நாளில் கூட வருவார், பாதி வழி நடை. வேலை முடிந்ததும் கையில் கொடுக்கிற சில்லறையில் பபிள்கம். மலையில் டிவி இல்லை. கவாஸ்கர் எப்படி நிற்பார் என்பதையே அந்தப் படத்தில்தான் பார்த்தேன் என்கிறார். பரிசுக்கு ரன் போதுமான அளவு சேர்ந்ததாம். ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் பரிசு என்றதும் கொடுக்க மனசில்லாமல் ஒட்டிவிட்டாராம்!

தோழன் அந்த மூடியைப் போட்டோ எடுத்து ஒரு "சேகரிப்பாளருக்கு" அனுப்பினான். பதில் ஒரே வரி: "ஒட்டினதுக்கு வேல்யூ இல்ல ப்ரோ. ஒட்டாதது இருந்தா சொல்லுங்க."

ப்ரோ, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டாத படம் என்பது யாரும் ஆசைப்படாத படம். எங்கேயோ கடை மூலையில் விற்காமல் கிடந்தது. அதற்கு வாழ்க்கையே இல்லை. ஒட்டின படத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், ஒரு சந்தை நாள் இருக்கிறது, ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஒரு மலைக்கிராமத்துச் சிறுவனிடம் 1987-ல் கிரிக்கெட் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நாளைக்கு யாராவது எழுத நினைத்தால், உங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற அட்டை ஒன்றும் சொல்லாது. அந்தப் பெட்டி மூடி சொல்லும்.

அவரும் ஒட்டினார்!

"சேகரிப்பு என்றால் அப்படியே புதுசாக வைத்திருப்பதுதான்" என்று வாதாடுகிறவர்களுக்காக ஒரு தகவல். பேஸ்பால் அட்டை சேகரிப்பின் தந்தை என்று அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுவது ஜெஃபர்சன் பர்டிக் என்பவரை. நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகரத்து மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்த சாதாரணத் தொழிலாளி. கடுமையான மூட்டுவாதம். எல்லா அட்டைகளுக்கும் வகை பிரித்து எண் கொடுத்துப் பட்டியல் போட்டவர் அவர்தான். வாக்னர் அட்டையை இன்றுவரை "டி206" என்று அழைப்பது அவர் வைத்த பெயரில்தான். மிட்டாயோடு வந்தவற்றுக்குத் தனி எழுத்து, சிகரெட்டோடு வந்தவற்றுக்குத் தனி எழுத்து. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தில் அடுக்கினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

எப்படி அடுக்கினார் தெரியுமா? பசை போட்டு ஒட்டினார்! ஆமாம் சார். சேகரிப்பின் தந்தையே ஒட்டினவர்தான். வெள்ளிமலை மாமாவும் அவரும் ஒரே கட்சி. "வேல்யூ இல்ல ப்ரோ" என்று நியூயார்க்குக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்களேன், பார்ப்போம்.

நம்மிடமும் ஆள் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. பத்து மடங்கு கணக்குப் போட்டு யாரும் கல்யாணப் பத்திரிகை சேர்ப்பதில்லை.

"ஆனா மச்சி..."

வரப்போகிற கேள்விகள் தெரியும். இங்கேயே முடித்துவிடுகிறேன்.

"அவன் காசு, அவன் இஷ்டம், உனக்கென்ன?" அவன் காசு இல்லை. கரும்பு வெட்டுக்குப் போன அவன் அம்மாவின் கூலி. அதனால்தான் எனக்கென்ன.

"தங்கம், ஷேர் எல்லாம் ஏறி இறங்கத்தானே செய்கிறது?" தங்கத்தை நம் ஊர்க் கடைத்தெருவில் எந்த நகைக்கடையில் கொடுத்தாலும் அன்றைய விலை சொல்வான். ஷேர் என்றால் பின்னால் ஒரு கம்பெனி சம்பாதிக்கிறது. அட்டை சம்பாதிக்காது, வட்டி தராது, குட்டி போடாது. உன்னைவிடப் பெரிய ஏமாளி ஒருவன் வருவான் என்ற நம்பிக்கை மட்டும்தான் அதன் பின்னால் இருக்கிறது.

"அப்படியானால் சேகரிக்கவே கூடாதா?" கூடவே கூடாது என்று யார் சொன்னது? சேகரியுங்கள் சாமி! வாங்காமல் சேகரியுங்கள். அத்தை வீட்டுப் பரண், தாத்தா டிரங்குப் பெட்டி, பழைய பள்ளி நோட்டு அட்டை, மூடிக் கிடக்கிற பெட்டிக்கடைப் பலகை, எல்லாவற்றையும் பாருங்கள். தீப்பெட்டிப் படம், பபிள்கம் படம், டாசோ, பிஸ்கட் உறை, எது கிடைத்தாலும் சரி. பிய்க்காதீர்கள், ஒட்டியிருந்தால் அப்படியே போட்டோ எடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை, எந்த வருஷம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாத அட்டை வெறும் காகிதம்.

இன்னொன்று. கள்ளக்குறிச்சி 2019-ல்தான் தனி மாவட்டம் ஆனது. புது மாவட்டத்துக்குப் புது அலுவலகங்கள் எல்லாம் வருகிறது. நம் ஊர்க்காரர்கள் எதை வாங்கினார்கள், எதைத் தின்றார்கள், எதை விளையாடினார்கள் என்று காட்ட ஒரு அலமாரியாவது நூலகத்தில் வேண்டாமா? அரசாங்கம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் துறையில் ஒரு அலமாரி காலியாக இருக்கிறது, ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். மாமா பெட்டியைத் தரமாட்டார், தரவும் வேண்டாம். மூடியின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பத்து மடங்கு லாபம் வேண்டும் என்பவர்கள் அந்தச் சேகரிப்பாளரிடமே போகலாம். அவர் வாங்கமாட்டார், விற்க மட்டும் செய்வார். மற்றவர்கள் இந்தப் பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனதும் முதலில் பரணில் ஏறுங்கள். பழைய பேப்பர்க்காரர் நமக்கு முன்னால் போய்விடப் போகிறார்.

பி.கு: டப்பா வாங்கிய நண்பன் இதைப் படித்துவிட்டு டப்பாவைப் பிரிக்கலாமா என்று கேட்கிறான். பிரிடா. நாலு பேரும் வருகிறோம், மத்தியானம் வெச்சு விளையாடலாம் :-)